சுர்ப் கிராகோஸ்: தியார்பக்கிர் நகரத்து ஆர்மேனியத் தேவாலயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தேவாலயம் இது? எங்கே இருக்கிறது?

துருக்கியின் தென்கிழக்கில், டைகிரிஸ் ஆற்றை ஒட்டிய மேட்டில் தியார்பக்கிர் என்ற பழைய நகரம் இருக்கிறது. ஆர்மேனியர்கள் அதை திக்ரானகெர்த் என்பார்கள். ஊரைச் சுற்றிக் கறுப்புக் கல்லால் ஆன பெரிய கோட்டை மதில். சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2015இல் யுனெஸ்கோ இந்த மதிலையும், அதற்கும் ஆற்றுக்கும் இடையில் உள்ள ஹெவ்செல் தோட்டங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரின் பெயர் சூர். அதன் குறுகலான சந்துகளுக்குள் நிற்கிறது சுர்ப் கிராகோஸ். மத்தியக் கிழக்கில் இருக்கும் ஆர்மேனியத் தேவாலயங்களிலேயே பெரியது என்று இதைச் சொல்வார்கள்.

அது நிற்கும் பகுதியை ஊர் மக்கள் நெடுங்காலமாக 'காவூர் மஹல்லேசி' என்றே அழைத்துவந்தார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் வாழும் குடியிருப்பு என்று பொருள். ஆர்மேனியர், கல்தேயக் கிறிஸ்தவர், சிரியாக் கிறிஸ்தவர், யூதர் எல்லோரும் அங்கே சுவரோடு சுவராகக் குடியிருந்தார்கள். செம்பு தட்டுபவர்கள், பொற்கொல்லர்கள், பட்டு நெய்பவர்கள், கல்தச்சர்கள் எனக் கைத்தொழில்காரர்கள் நிறைந்த பகுதி.

கிராகோஸ் யார்?

ஒரு குழந்தை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், தாய் யூலித்தாவோடு தார்சு நகரில் கொல்லப்பட்டதாக மரபு சொல்லும் மூன்று வயதுச் சிறுவன். கிழக்குத் திருச்சபைகளும் மேற்குத் திருச்சபைகளும் தாயையும் மகனையும் சேர்த்தே நினைவுகூர்கின்றன. 'சுர்ப்' என்பது புனிதரின் பெயருக்கு முன்னால் ஆர்மேனியர்கள் சேர்க்கும் அடைமொழி.

கட்டடத்தில் அப்படி என்ன சிறப்பு?

முதலில், அளவு. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 3,000 பேர் கூடக்கூடிய இடம். அடுத்தது பலிபீடங்கள். பெரும்பாலான ஆர்மேனியத் தேவாலயங்களில் நடுவில் ஒரு பெரிய பீடமும், சிலவற்றில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய பீடங்களும் இருக்கும். இங்கே ஏழு.

ஆர்மேனியத் தேவாலயம் என்றதும் படங்களில் பார்த்த கூம்பு வடிவக் கோபுரத் தொப்பி நினைவுக்கு வரும். சுர்ப் கிராகோஸில் அது கிடையாது. உள்ளே நுழைந்தால் உயரமான கல்தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொரு வரிசையின் மேலும் வளைவுகள்; வளைவுகள் மீது மர உத்தரங்கள்; அவற்றின் மேல் தட்டையான மண் கூரை. அந்த வட்டாரத்து வீடுகளுக்கு எப்படிக் கூரை போடுவார்களோ அதே முறையில் இவ்வளவு பெரிய மண்டபத்துக்கும் போட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தலைநகரத்துப் பாணியை இரவல் வாங்காமல், உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த வேலையையே அதன் எல்லைவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குத் தென்மேற்கே கராஜாதாக் என்ற பழைய எரிமலை இருக்கிறது. அது கக்கிய குழம்பு இறுகிய எரிமலைக் கல்தான் மதிலுக்கும் வீடுகளுக்கும் மசூதிகளுக்கும் தேவாலயங்களுக்கும். உள்ளூர்க் கல்தச்சர்கள் அதை ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்கள். துளையே இல்லாமல் இறுகியது ஆண்கல். பாரம் தாங்கும் இடங்களுக்கு அது. சிறு சிறு துளைகள் நிறைந்தது பெண்கல். முற்றத்தில் பாவுவதற்கு அது. கோடையில் மாலை நேரத்தில் முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் அந்தத் துளைகள் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெகுநேரம் குளிர்ச்சி தரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது பெரிய வரம்.

எவ்வளவு பழமையானது?

இதே இடத்தில், இதே பெயரில் தேவாலயம் இருந்ததற்கு 17ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளிலேயே சான்று இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் ஒரு தீ விபத்தில் பழைய கட்டடம் எரிந்துபோனது. அதன்பின் சமூகத்தார் பெரிதாக எடுத்துக் கட்டியதே இன்று நாம் பார்க்கும் அமைப்பு. ஆக, 'பழைய தேவாலயத்தைப் புதுப்பித்தார்கள்' என்று நாம் சொல்லும்போது, ஏற்கெனவே ஒருமுறை சாம்பலிலிருந்து எழுப்பப்பட்ட கட்டடத்தைப் பற்றித்தான் சொல்கிறோம்.

மணிக்கோபுரத்தைப் பீரங்கியால் சுட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் பழைய மணிக்கோபுரத்தின் மீது இடி விழுந்தது. சமூகம் உடனே புதியதைக் கட்டியது. ஏறத்தாழ 29 மீட்டர் உயரம், நுனியில் சிலுவை. அதில் தொங்கிய மணி, இசைத்தாளம் செய்வதில் பெயர்பெற்ற இஸ்தான்புல் சில்ஜியன் குடும்பத்தார் வார்த்தது என்று ஆர்மேனியர்கள் சொல்வார்கள். 1915இல், அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் படையினர் அந்தக் கோபுரத்தைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தினார்கள். ஊரின் பள்ளிவாசல் மினாரெட்டுகளைவிட அது உயரமாக நின்றதுதான் சொல்லப்பட்ட குற்றம்.

அது ஒரு கோபுரத்தோடு நிற்கவில்லை. அதே 1915 மே மாத இறுதியில், மாகாண ஆளுநர் மெஹ்மெத் ரெஷித்தின் நிர்வாகம் ஊரின் ஆர்மேனியப் பெரியவர்கள் 600க்கும் மேற்பட்டோரை டைகிரிஸ் ஆற்றில் மிதவைகளில் ஏற்றி, மோசூலுக்கு அனுப்புவதாகச் சொல்லிக் கொண்டுபோய், வழியில் கொன்றது. தொடர்ந்த மாதங்களில் மாகாணத்தின் ஆர்மேனிய மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். துருக்கி அரசு இன்றுவரை இதை இனப்படுகொலை என்று ஏற்பதில்லை. வரலாற்றாசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்; நானும் அப்படியே.

அதன் பிறகு கட்டடம் என்ன ஆனது?

போர்க்காலத்தில் ஜெர்மன் அதிகாரிகள் அதைத் தங்கள் அலுவலகமாக வைத்துக்கொண்டார்கள். குடியரசு வந்த பிறகு, அரசுக்குச் சொந்தமான சூமர்பாங்க் நிறுவனத்தின் துணிக்கிடங்கானது. ஏழு பீடங்களுக்கு முன்னால் துணிப் பொதிகள் அடுக்கிக் கிடந்தன. நெடிய முறையீடுகளுக்குப் பிறகு கட்டடம் சமூகத்தின் கைக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள் சமூகமே சுருங்கியிருந்தது. உயிர் பிழைத்துத் திரும்பியவர்களும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களுமாகச் சில காலம் வழிபாடு நடந்தது. பிறகு குடும்பம் குடும்பமாக இஸ்தான்புல்லுக்கும் வெளிநாடுகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். 1980களுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில முதியவர்கள் மட்டுமே.

கூரை எப்படி இடிந்தது? யாராவது இடித்தார்களா?

யாரும் இடிக்கவில்லை. ஆள் இல்லாததால் விழுந்தது. நம் ஊரில் கீற்றுக் கூரையை ஆண்டுதோறும் வேயவேண்டியிருப்பதைப் போலத்தான் மண் கூரையும். மனிதர்களின் கை விடாமல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பனி பெய்தால் ஏறி வழித்துத் தள்ள வேண்டும். மழை விட்டதும் கூரை மேலேயே வைத்திருக்கும் கல் உருளையை முன்னும் பின்னும் உருட்டி, விரிசல் மூடும்படி மண்ணை இறுக்க வேண்டும். முளைக்கும் புல்லைப் பிடுங்க வேண்டும். இரண்டு குளிர்காலம் இதைச் செய்யாமல் விட்டால் தண்ணீர் உத்தரத்துக்குப் போய்விடும். 1990களில் உத்தரங்கள் இற்று, கூரை உள்ளே சரிந்தது. தூண்களும் வளைவுகளும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்க, உள்ளே புல் மண்டியது.

'தானாக விழுந்தது' என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உருளையை உருட்ட வேண்டிய கைகள் ஏன் அந்த ஊரில் இல்லாமல் போயின என்பதற்கான விடை இரண்டு கேள்விகளுக்கு முன்னால் இருக்கிறது.

2011இல் எடுத்துக் கட்டியவர்கள் யார்? பணம் எங்கிருந்து வந்தது?

முன்னின்றது இஸ்தான்புல்லில் இருந்து இயங்கிய சுர்ப் கிராகோஸ் அறக்கட்டளை. அதன் தலைவர் வார்த்கேஸ் எர்குன் ஆயிக். இஸ்தான்புல் ஆர்மேனியர்களும், வட அமெரிக்கா முதலிய நாடுகளில் பரவியிருக்கும் ஆர்மேனியர்களும் பணம் கொடுத்தார்கள். டொரன்டோவில் வாழும் பொறியாளரும் பியானோ கலைஞருமான ராஃபி பெத்ரோஸ்யான் வெளிநாடுகளில் நிதி திரட்டும் பணியில் பெரும்பங்கு ஆற்றினார். பணி 2009இல் தொடங்கியது.

செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது தியார்பக்கிர் பெருநகர நகராட்சி. அப்போதைய மேயர் ஒஸ்மான் பாய்தெமிர் குர்து இனத்தவர். பழைய நகரான சூரின் மேயர் அப்துல்லா தெமிர்பாஷும் குர்து. இந்தச் செய்தியை இலேசாகக் கடந்துபோக முடியாது. 1915இல் ஒட்டோமான் அரசின் ஏவலில் ஆர்மேனியர்களைக் கொன்றவர்களிலும், அவர்கள் வீடு நிலங்களை எடுத்துக்கொண்டவர்களிலும் குர்துகள் பலர் உண்டு. அந்த வழித்தோன்றல்களின் நகராட்சி, தன் வரிப்பணத்தில் ஆர்மேனியர்களின் தேவாலயத்துக்குக் கூரை போட்டது. தெமிர்பாஷ் அதோடு நிற்காமல், தம் மக்களின் பங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2013இல் சூரில் 'பொது மனசாட்சியின் நினைவுச்சின்னம்' ஒன்றையும் திறந்துவைத்தார். அந்த நாட்டில் ஓர் அரசியல்வாதி இதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அங்குள்ள அரசியலைக் கவனிப்பவர்கள் அறிவார்கள்.

சிமென்ட் தளம் போட்டு வேலையை முடித்துவிடாமல், வளைவுகள் மீது மர உத்தரம், அதன்மேல் மண் என்று பழைய முறையிலேயே கூரை போட்டார்கள். 2011 அக்டோபர் 22 அன்று தேவாலயம் வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தப்பட்டது. மறுநாள் முதல் திருப்பலி. நடத்திவைத்த பேராயர் ஆராம் அத்தேஷ்யான் அதே தியார்பக்கிர் மாகாணத்தின் சில்வான் ஊரில் பிறந்தவர். பல நாடுகளிலிருந்தும் ஆர்மேனியர்கள் வந்து கூடினார்கள். ஆர்மேனிய வழக்கப்படி பீடங்களிலும் தூண்களிலும் புனிதத் தைலம் பூசப்பட்டது. 2012 நவம்பரில், மாஸ்கோவில் வார்க்கப்பட்ட சுமார் 100 கிலோ மணி திரும்ப எழுந்த கோபுரத்தில் ஏறியது. 1915க்குப் பிறகு முதல்முறையாக அந்த ஊர் அந்த ஒலியைக் கேட்டது.

ஆர்மேனியர்களே இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு?

கட்டும்போதே பலரும் கேட்ட கேள்வி இது. அறக்கட்டளைக்குள்ளும் கேட்டிருப்பார்கள். பதிலைத் தந்தது கட்டடம்தான்.

1915இல் உயிர் தப்ப மதம் மாறியவர்கள், குர்து வீடுகளிலும் துருக்கி வீடுகளிலும் வளர்க்கப்பட்ட அநாதைக் குழந்தைகள், கட்டாயமாக மணம் முடிக்கப்பட்ட பெண்கள் என அந்த வட்டாரத்தில் ஏராளமானோர் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முஸ்லிம் பெயர்களோடு, குர்து மொழி பேசி வாழ்கிறார்கள். பாட்டி யார் என்பது வீட்டுக்குள் மெல்லிய குரலில் மட்டும் சொல்லப்பட்ட செய்தி. சில குடும்பங்களில் அதுகூட இல்லை. ஊரார் சண்டையில் திட்டும்போது வாயிலிருந்து விழும் ஒரு சொல்லில்தான் தெரியவரும்.

தேவாலயம் திறந்த பிறகு இவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு பேசினார்கள். சேர்ந்து காலை உணவு சாப்பிடும் வழக்கம் உருவானது. ஊரில் ஆர்மேனிய மொழி வகுப்புகள் தொடங்கின. ஈஸ்டருக்குச் சாயமேற்றிய முட்டைகளும் சோரெக் என்ற இனிப்பு ரொட்டியும் முற்றத்து மேசைகளுக்கு வந்தன. சிலர் திருமுழுக்குப் பெற்று ஆர்மேனியப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் முஸ்லிமாகவே இருந்துகொண்டு, 'நான் ஆர்மேனியனும்தான்' என்று சொல்லிக்கொள்ளும் இடமாக அதை வைத்துக்கொண்டார்கள். தேவாலயம் அவர்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

சந்தை விலை, பயன்பாடு, தலைக்கணக்கு என்று பார்த்து முடிவெடுத்திருந்தால் இந்தத் தேவாலயம் கட்டப்பட்டே இருக்காது. கதவு என்று ஒன்று இருந்ததால்தான் தட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். 2015 ஏப்ரலில், இனப்படுகொலையின் நூறாம் ஆண்டு நினைவு நாளில், இந்தத் தேவாலயத்தில் கூட்டம் நிரம்பியது. அதே ஆண்டு இந்தப் புதுப்பித்தல் பணிக்கு, பாரம்பரியப் பாதுகாப்புக்கான ஐரோப்பா நோஸ்த்ரா விருதும் கிடைத்தது.

அப்படியானால் ஏன் மறுபடியும் மூடப்பட்டது?

2015 கோடையில் துருக்கி அரசுக்கும் குர்து கிளர்ச்சி இயக்கமான பி.கே.கே.வுக்கும் இடையிலான சமாதான முயற்சி முறிந்தது. சூரின் சந்துகளில் ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் பதுங்குகுழி தோண்டித் தடுப்புகள் எழுப்பினார்கள். நவம்பர் 28 அன்று, தேவாலயத்துக்கு அருகிலுள்ள நான்கு கால் மினாரெட்டின் அடியில் நின்று, இந்த ஊரின் பழமையை விட்டுவையுங்கள், இங்கே சண்டை வேண்டாம் என்று பத்திரிகையாளர்களிடம் பேசிய தியார்பக்கிர் வழக்கறிஞர் சங்கத் தலைவர் தாஹிர் எல்ச்சி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் தொடக்கத்தில் முழு ஊரடங்கு வந்தது. மாதக்கணக்கில் பீரங்கியும் துப்பாக்கியும் பேசின. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

தேவாலயம் இடிந்துவிடவில்லை. ஆனால் சுவர்களில் குண்டுகள் பாய்ந்தன, உள்ளே இருந்த பொருள்கள் சூறையாடப்பட்டன, பீடங்கள் சேதமடைந்தன. திறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அரசு அதைக் கையகப்படுத்தியது என்கிறார்களே?

2016 மார்ச்சில் அமைச்சரவை 'அவசரக் கையகப்படுத்தல்' முடிவு ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. சூரின் மனைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அதில் அடங்கின. சுர்ப் கிராகோஸும், பக்கத்திலுள்ள கல்தேய, சிரியாக், ஆர்மேனியக் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தேவாலயங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் பறிகொடுத்து, மீட்டு, தங்கள் காசில் கட்டிய இடம் மறுபடியும் ஒரே கையெழுத்தில் பறிபோனதைக் கேட்ட ஆர்மேனியர்களின் மனநிலையை நான் விவரிக்கத் தேவையில்லை. அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. 2017இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் நின்றது, சொத்துரிமை மீண்டது.

இரண்டாவது புதுப்பித்தலை யார் செய்தார்கள்?

இம்முறை செலவும் பணியும் அரசுடையவை. 2022 மே 7 அன்று இஸ்தான்புல் ஆர்மேனியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை சஹாக் மஷாலியான் வழிபாட்டை நடத்த, பண்பாட்டு அமைச்சர் மெஹ்மெத் நூரி எர்சோய் முன்னிலையில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இரண்டில் எது நல்ல புதுப்பித்தல்?

கல் வேலையை மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. சேதத்தை உண்டாக்கிய மோதலில் ஒரு தரப்பாக இருந்த அரசு அதைச் சரிசெய்வது அதன் கடமை, செய்தது நல்லது.

ஆனால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பெரும்பகுதி சண்டைக்குப் பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. சந்துகள் இருந்த இடத்தில் அகலமான சாலைகளும், கறுப்புக் கல் ஒட்டிய ஒரே அச்சுப் புது வீடுகளும் வந்தன. பழைய குடியிருப்பவர்களில் பலர் நகரத்தின் ஓரங்களுக்குப் போய்விட்டார்கள். முதல் புதுப்பித்தலுக்குத் துணை நின்ற நகராட்சியும் இரண்டாவதன்போது இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களை நீக்கி 2016இல் அரசு தன் ஆளை நியமித்தது. முற்றத்தில் தேநீர் குடிக்க வந்தவர்களிலும் எல்லோரும் திரும்பவில்லை. மறைத்து வைத்ததை ஒருமுறை துணிந்து வெளியே சொன்னவர்கள், அதன்பின் நடந்ததைப் பார்த்தவர்கள்.

அதனால் என் கணிப்பு இது: 2011இல் எழுந்தது தேவாலயமும் அதைச் சுற்றிய உறவும். 2022இல் எழுந்தது தேவாலயம். அந்த உறவை அமைச்சகத்தின் ஒப்பந்தக்காரரால் கட்டித்தர இயலாது. அதற்கு மறுபடியும் அறக்கட்டளையும், ஊராரும், அச்சம் நீங்கிய ஒரு காலமும் வேண்டும்.

சென்னை ஆர்மேனியத் தேவாலயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நம் வாசகர்கள் தவறாமல் கேட்பது. இரண்டும் ஒரே ஆர்மேனிய அப்போஸ்தலத் திருச்சபையைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் எழுந்த தேவாலயத்தைக் கட்டியவர்கள் பாரசீகத்தின் நியூ ஜுல்ஃபா வழியாக வந்த வணிகர்கள். தியார்பக்கிரின் செம்புக் கொல்லர்களும் நெசவாளர்களும் வேறொரு உலகம். உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது சென்னையில் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். இஸ்தான்புல்லிலிருந்து தியார்பக்கிருக்கு நேரடி விமானங்கள் உண்டு. சூருக்குள் போய் நான்கு கால் மினாரெட்டுக்கு வழி கேட்டால் யாரும் காட்டுவார்கள். அங்கிருந்து தேவாலயம் கொஞ்ச தூர நடைதான். ஊரிலேயே தங்கியிருக்கும் பாதிரியார் கிடையாது. திருப்பலி எல்லா ஞாயிறும் நடப்பதில்லை. பெருவிழாக்களுக்கு இஸ்தான்புல்லிலிருந்து குருக்கள் வருகிறார்கள். வழிபாட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஈஸ்டரை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொண்டு, தேதியை முன்கூட்டியே அறக்கட்டளையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. முற்றத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அவர்களாகச் சொல்லாதவரை குடும்பக் கதையைத் துருவ வேண்டாம், கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம்.